உசுமி வாசல்

குரோசே கோட்டைக்கு மருமகளாக வந்த அன்றே சயோ பின்வாசலில் நெற்றியை இடித்துக்கொண்டாள். மதிலின் அடிவயிற்றைக் குடைந்தது போலப் பெரிய கற்களுக்கு நடுவே இருந்த வாசல் அது. நிமிர்ந்தபடி யாரும் நுழைய முடியாது. மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு, கோட்டையை அண்ணாந்து பார்த்தபடி புருஷன் பின்னால் வந்தவள் மேல்கல்லில் மோதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துத் தொட்டியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமியார் ஷிகே மட்டும் சிரிக்கவில்லை.

“கடற்கரையில எல்லாரும் வானத்தைப் பார்த்துத்தான் நடப்பாங்க போல,” என்றாள். “பரவாயில்லை. இங்கே இருந்தா கழுத்து தானா வளையும்.”

சயோவின் அப்பா கடலோரத்தில் உப்புக் காய்ச்சுகிறவர். கோட்டைக்கு உப்பு வாங்கக் குதிரைகளோடு வந்துபோன ஈட்டி வீரன் தோகுஜி அவளைப் பார்த்தான், பேசினான், அடுத்த தடவை வந்தபோது அப்பாவிடம் கேட்டே விட்டான். நல்ல சிரிப்பு அவனுக்கு. வாய் ஓயாமல் கதை சொல்வான். ஆனால் கோட்டைக்காரர்கள் கோட்டைக்குள்ளேயே பெண் எடுப்பதுதான் வழக்கம். பொதுச் சமையல்கட்டை ஆண்டுகொண்டிருந்த ஷிகே, பிள்ளை ஒரே ஒரு விஷயத்தில் தன் பேச்சைக் கேட்கவில்லை என்பதை மறக்கவே இல்லை. மருமகளைப் பெயர் சொல்லி அவள் கூப்பிட்டதில்லை. ‘உப்புக்காரி’தான்.

அந்தப் பின்வாசலை எல்லோரும் ‘உசுமி வாசல்’ என்றார்கள். கடற்கரைப் பேச்சில் அந்தச் சொல் கிடையாது. துவைக்கிற இடத்தில் ஒரு நாள் சயோ கேட்டாள்:

“அதென்ன உசுமி? யாராவது ஆளோட பேரா?”

“ஆமா, உசுமின்னு ஒரு ராணி இருந்தா,” என்றாள் ஒருத்தி. “தினமும் தலையை இடிச்சுப்பா.”

“சும்மா இருடி. அவளுக்கு மண்டையில கொம்பு முளைச்சுதுன்னு எங்கம்மா சொல்லியிருக்கா,” என்றாள் இன்னொருத்தி. சிரிப்பில் சோப்புக்காய் நுரை நாலாபக்கமும் தெறித்தது.

சயோ மாமியாரைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்க அத்தை.”

“பேரைத் தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே? குனிஞ்சு போ, குனிஞ்சு வா. அது போதும்.”

வாசலுக்கு உட்புறம், ஒரு கூரையின் கீழே, கற்களும் சலித்த மண்ணும் குவித்து வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே அடுக்கடுக்காக மூங்கில் கூடைகள். மழைக்கு முன் கூரை வேய்கிறபோது வீடுகளுக்குக்கூட அப்புறம்தான். முதலில் அந்தக் குவியலுக்கு. அதைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. அந்த வருஷ இலையுதிர்காலத்தில் முள்ளங்கியைத் தவிட்டில் ஊறப்போடும்போது சயோவுக்குப் பாரமாக வைக்க ஒரு கல் தேவைப்பட்டது. குவியலிலிருந்து உருண்டையாக ஒன்றை எடுத்து வந்து தொட்டியின் பலகைமேல் வைத்தாள். ஷிகே பார்த்தாள். கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கல்லைத் தலையில் சுமந்துபோய் எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னாள்.

அன்று மாலை சயோ அழுதுகொண்டே இருந்தாள். தோகுஜி அவளைக் கணப்பின் பக்கத்தில் உட்காரவைத்தான். ஷிகே படுக்கப் போகுமுன் கனலைச் சாம்பலுக்குள் தள்ளி மூடிவிட்டுப் போயிருந்தாள்.

“இப்ப அம்மா பண்ணிட்டுப் போனாங்களே, அதுக்கு என்ன பேரு தெரியுமா?”

“எங்க ஊர்ல உப்பு அடுப்பு அணையறதே இல்லை. எனக்கு என்ன தெரியும்?”

“உசுமி நெருப்பு. சாம்பலுக்குள்ள புதைஞ்சு கிடக்கும். ராத்திரி முழுக்க சூடு போகாது. காலையில கிளறினா பளிச்சுனு முழிச்சுக்கும். அதே உசுமிதான் வாசலுக்கும். மதிலுக்குள்ள புதைஞ்சு, வெளியாளு கண்ணுக்குத் தெரியாம, உள்ளே இருக்கறவங்களைப் பத்திரமா வெச்சிருக்கு. போதுமா?”

போதும் என்றுதான் சயோவுக்குத் தோன்றியது. அந்த விளக்கம் அவளுக்குப் பிடித்தும் இருந்தது. அதன்பிறகு அந்த வாசலில் நுழையும்போதெல்லாம் அவள் உள்ளங்கையால் மேல்கல்லைத் தொட்டுக்கொண்டே குனிவாள். கல் சில்லென்று இருக்கும்.

மூன்றாவது வருஷம் அறுவடைக்குக் கொஞ்சம் முன்னால் தெற்குப் படை வந்து மலையைச் சுற்றிக்கொண்டது. கீழே வயல்களில் நெல் தலைசாய்ந்து நின்றது. எதிரிகள்தான் அதை அறுத்தார்கள். மேலேயிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும், பாட்டுச் சத்தம்கூடக் கேட்கும். கோட்டைக்குள் முதலில் தினைக்கஞ்சி, பிறகு தவிட்டுக்கஞ்சி, பிறகு கயிறாக முறுக்கி, மிசோ என்கிற புளித்த சோயா விழுதில் ஊறவைத்திருந்த சேப்பந்தண்டை அவிழ்த்து வேகவைத்த தண்ணீர். குதிரைகளைத் தின்றார்கள். துவைக்கிற இடத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. முன்வாசலை முதல் நாளே உத்தரங்களும் வண்டிகளும் போட்டு அடைத்துவிட்டார்கள். அந்த வண்டிகளைத் தள்ளிய பெண்களில் சயோவும் ஒருத்தி.

பின்வாசலின் தலைவர் சகுனோஜோ. மெலிந்த, மரியாதையான மனிதர். சமையல்காரியிடம்கூட ‘தயவு செஞ்சு’ என்று சேர்த்துத்தான் பேசுவார். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. ஒரு நாள் விடிகாலைப் பனிமூட்டத்தில் அவர் முப்பது பேரைத் தேர்ந்தெடுத்தார். வடக்குச் சரிவின் அடியில் எதிரிகள் நெல்லைச் சேர்த்துவைத்திருந்த கொட்டகைகளுக்குத் தீ வைக்க வேண்டும். முன்னால் போகிறவன் தோகுஜி. மலைப்பாதை அவன் காலுக்குத் தெரியும்.

“போறது, நெருப்பு வைக்கறது, ஓடி வர்றது,” என்றான் சயோவிடம். கன்னம் ஒட்டிப்போயிருந்தாலும் அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. “மேல ஏறி ஓடறதுல என்னை யாராவது ஜெயிச்சிருக்காங்களா, சொல்லு.”

“தீயைப் பார்த்ததும் துரத்துவாங்களே.”

“துரத்தட்டும். நல்லா சாப்பிட்ட தொப்பையோட எவன் மலை ஏறுவான்?”

ஷிகே மண்டியிட்டு மகனின் வைக்கோல் செருப்பை இறுக்கிக் கட்டினாள். “இடது கால் தளர்த்தியா இருக்கு. எப்பவும் இதே கதை,” என்று திட்டினாள். அவ்வளவுதான். ஒவ்வொருவராகக் குனிந்து வெளியே போனார்கள். தாழ் விழுந்தது.

சகுனோஜோ திரும்பினார். ஆண்கள் எல்லோரும் மற்ற மதில்களில் நின்றார்கள். பின்வாசலில் இருந்தது சமையல்கட்டுப் பெண்களும் இரண்டு காவலர்களும்தான்.

“அம்மாமார்களே, தயவு செஞ்சு கூடைகளை எடுத்துக்கோங்க. வாசலை மூடணும்.”

சயோவுக்குப் புரியவில்லை. “மூடித்தானே இருக்கு ஐயா?”

“கல்லு வெச்சு மூடணும்மா. பெரிய கல்லு கீழே, இடுக்குல மண்ணு. மேல்கல்லு வரைக்கும்.”

“அப்ப அவங்க எப்படித் திரும்பி வருவாங்க?”

அவர் அவளைக் கனிவாகப் பார்த்தார். ஷிகே ஏற்கெனவே கூரையின் கீழே போய் முதல் கல்லைக் கட்டிப்பிடித்துத் தூக்கியிருந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அப்போதுதான் சயோவுக்கு அந்தக் குவியல் எதற்கென்று விளங்கியது. வாசலின் பெயரும் விளங்கியது. புதைந்திருக்கிற வாசல் இல்லை. புதைப்பதற்கென்றே கட்டிய வாசல். மதில் எழுப்பியவர்கள் அன்றைக்கே இதை நினைத்து, அன்றைக்கே கல்லையும் பொறுக்கிவைத்து, அன்றைக்கே பெயரும் வைத்திருக்கிறார்கள்.

“அத்தை,” என்றாள். “அத்தை, உங்க பிள்ளை வெளியே இருக்காரு.”

“வாயை மூடிட்டுத் தூக்குடி.”

“அத்தை!”

“தீ எரிஞ்சா எதிரி துரத்திட்டு வருவான். இந்த வாசல் வழியாத்தான் வருவான். நம்ம ஆளு உள்ளே வர்ற அதே நேரத்துல அவனும் வருவான். தூக்கு.”

சயோ தூக்கினாள். பின்னாளில் அவள் எத்தனையோ முறை யோசித்தும், அந்த முதல் கல்லை எப்படித் தூக்கினோம் என்பது நினைவுக்கு வரவில்லை. எல்லோரும் தூக்கினார்கள், அவளும் தூக்கினாள். பசியில் கண் இருட்டியது. மண் தூசி தொண்டையில் ஏறி இருமல் வந்தது. கல் முழங்கால் உயரம் வந்தது, இடுப்புயரம் வந்தது. மதிலின்மேல் நின்ற காவலன் “புகை!” என்று கத்தினான். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சரிவில் கொம்பு ஊதுகிற சத்தமும் ஆட்கள் ஓடுகிற சத்தமும் கேட்டன.

கதவில் யாரோ இரண்டு கையாலும் தட்டினார்கள்.

“திற! திற! நாங்கதான்!”

பெண்கள் அப்படி அப்படியே நின்றார்கள். சயோ இருமினாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சகுனோஜோ உதட்டில் விரலை வைத்தார்.

“அம்மா!” தோகுஜியின் குரல். மூச்சு வாங்கியது. “அம்மா, அங்கே இருக்கியா? தாழை எடுக்கச் சொல்லு! பக்கத்துல வந்துட்டானுங்க!”

ஷிகே கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தாள். அடுக்கிய கற்கள்மேல் ஏறி, கதவின் மேல்பக்கம் இன்னும் தெரிந்த இடத்தில் வாயை வைத்தாள்.

“தோகுஜி. இந்த வாசலை அடைச்சாச்சு. முன்வாசலுக்குப் போ. உங்களுக்காகத் திறந்து வெச்சிருக்காங்க. மதிலை ஒட்டியே ஓடு.”

வெளியே தட்டுவது நின்றது.

“நிஜமாவா?”

“அம்மா சொல்றேன்ல. போடா.”

அவன் உடனே ஓடவில்லை. ஏதோ ஒன்றுக்காகக் காத்திருப்பதுபோல் அங்கேயே நின்றான். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு சயோவுக்குக் கேட்டது. முன்வாசலில் அவளே தள்ளிய வண்டிகள் கண்முன் நின்றன. வாயைத் திறந்தாள். சகுனோஜோ அவளைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. திட்டவில்லை, மிரட்டவில்லை, வாளில் கைகூட வைக்கவில்லை. சயோ வாயை மூடிக்கொண்டாள்.

“சரி, முன்வாசல்!” என்று தோகுஜி மற்றவர்களைப் பார்த்துக் கத்தினான். “என் பின்னாலேயே வாங்க!” காலடிகள் மதிலோரமாக ஓடி மறைந்தன.

“மிக்க நன்றி,” என்றார் சகுனோஜோ ஷிகேயிடம். “மீதி வேலையைப் பார்ப்போமா?”

முன்வாசல் அகழிக்கு முன்னால் எதிரிகள் அவர்களைப் பிடித்துவிட்டார்கள். மேலே நின்ற காவலர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம். திறங்க, திறங்க என்ற கூச்சல் கல் அடுக்கிக்கொண்டிருந்த பெண்களுக்குக் கேட்டது. ஷிகே ஒரு தடவைகூட நிற்கவில்லை. கடைசி இடுக்கிலும் மண்ணைத் திணித்து, ஈரக் கையால் மெழுகியும் விட்டாள். சமையல்கட்டு அடுப்பை மெழுகுவது போல.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலையில் கோட்டைக்குத் தண்ணீர் வருகிற மரக்குழாய் வறண்டுபோயிற்று. மண்ணுக்கடியில் எங்கே ஓடுகிறது என்று வெளியாள் யாருக்கும் தெரியாத குழாய் அது. தண்ணீர் இல்லாமல் மூன்று நாள் தாங்கினார்கள். கோட்டைக்கு உரிய பிரபு சரணடைந்தார். பேச்சுவார்த்தை நல்லபடியாக முடிந்தது: அவர் உயிருக்கு ஆபத்தில்லை, ஒரு மடத்தில் போய் இருந்துகொள்ளலாம், விருப்பமான தேநீர்க் கிண்ணங்களை எடுத்துப்போகலாம். வண்டிகளை விலக்கி முன்வாசலைத் திறந்தார்கள். பிரபு வெளியேறினார். பின்னால் கிண்ணங்களின் பெட்டியைத் தானே சுமந்துகொண்டு சகுனோஜோவும் போனார். பெண்களைக் கடக்கும்போது குனிந்து வணங்கினார்.

புதிய எஜமானின் ஆட்கள் உள்ளே வந்தார்கள். அவர்களோடு, இடது கை முழங்கைக்குக் கீழே இல்லாத ஒருவன் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றான். சயோவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அந்தச் சிரிப்பு இல்லை.

அகழியில் பிணங்களுக்கு அடியில் கிடந்தவனை எதிரிகள் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். கொல்லப்போனவர்களிடம் ‘தண்ணீர்க் குழாய் எங்கே ஓடுதுன்னு எனக்குத் தெரியும்’ என்றிருக்கிறான். அதற்குப் பரிசாக இப்போது பின்வாசலின் தலைவன் அவன்தான்.

ஷிகே அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கை இல்லாத இடத்தில் பார்வை நின்றது. “உட்காரு. கஞ்சி இருக்கு,” என்றாள்.

அவன் உட்காரவில்லை. “முன்வாசல் திறந்திருக்குன்னு சொன்னியே.”

“சொன்னேன்.”

“யார் சொல்லச் சொன்னாங்க? சகுனோஜோவா?”

“யாரும் சொல்லச் சொல்லலை.”

“பின்னே ஏன்?”

“நீ அங்கேயே நின்னு அம்மா அம்மான்னு கத்திக்கிட்டு இருந்தா என்னால கல்லு வைக்க முடியாது,” என்றாள் ஷிகே. “அதான் அனுப்பிட்டேன்.”

தோகுஜி மெல்லத் திரும்பி சயோவைப் பார்த்தான்.

“நீ எங்கே இருந்தே?”

அவள் பதில் சொல்வதற்குள் ஷிகே குறுக்கிட்டாள். “அவ எங்கே இருப்பா? அடுப்படியில இருந்தா. ஒரு கல்லு தூக்கத் துப்பு இருக்கா அவளுக்கு? மயக்கம் போட்டுக் கிடந்தா, உப்புக்காரி.”

சயோ தரையைப் பார்த்தாள். மற்றப் பெண்களும் தரையைப் பார்த்தார்கள். தோகுஜி அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்படியா,” என்றான்.

மறுநாள் அவன் வாசலைத் தோண்டச் சொன்னான். ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

“அடைச்சவங்களே எடுக்கட்டும். அம்மா, வா.”

பனி விழத் தொடங்கிவிட்டது. மண் இறுகிக் கல்லாகியிருந்தது. ஷிகே தினமும் காலையில் போய் நகத்தாலும் அகப்பைக் காம்பாலும் மண்ணைக் கிளறி, கல்லைப் பிடுங்கி, நெஞ்சோடு அணைத்துச் சுமந்து, கூரையின் கீழே பழையபடி அடுக்கினாள். தோகுஜி ஒரு முக்காலியில் உட்கார்ந்து பார்த்தான். சில சமயம் பேசுவான்.

“அது வேண்டாம், அதுக்குப் பக்கத்துல. நீதானே அடுக்கினே, எது முதல்லே வரும்னு தெரியாதா?”

“தெரியும்டா. சும்மா வளவளன்னு பேசாதே, கவனம் கலையுது.”

“இடுப்பு வலிக்குதா?”

“உன்னைப் பெத்தப்ப இதைவிட வலிச்சுது.”

முதல் நாள் சயோ உதவிக்கு ஓடினாள். கல்லில் கை வைத்ததும் ஷிகே தலையைத் தூக்காமலேயே, மகன் காதில் விழாதபடி சொன்னாள்:

“கையை எடு. எடுக்கலைன்னா அவன்கிட்டச் சொல்லிடுவேன்.”

“சொல்லுங்க அத்தை. சொல்லிடுங்க.”

“சொன்னா உன்னைக் கொன்னுடுவான். கொன்னுட்டு அப்புறம் அவன் மட்டும் என்ன வாழப்போறான்? போ. போய்ச் சோத்தைப் பாரு.”

சயோ போய்ச் சோற்றைப் பார்த்தாள். அன்றும் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும். மதியம் கஞ்சியைக் கொண்டுபோய் முக்காலியில் இருப்பவனிடம் கொடுப்பாள். அவன் குடித்துக்கொண்டே, “இருமல் எப்படி இருக்கு?” என்று கேட்பான். “பரவாயில்லைங்க,” என்பாள்.

அப்படி ஒரு நாள், மதில்களைப் பார்வையிடத் தலைநகரத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பட்டுக் குளிருடையும் வெள்ளைக் காலுறையுமாகச் சேற்றில் கால்வைக்கத் தயங்கித் தயங்கி வந்தார். கிழவி ஒருத்தி கல் சுமப்பதைப் பார்த்து முகம் சுளித்தாலும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

“இதுக்கு இந்த ஊர்ல என்ன பேர்?”

“உசுமி வாசல்,” என்றான் தோகுஜி.

“ஆ, உசுமிமோன்! எல்லாக் கோட்டையிலும் ஒண்ணு இருக்கு. சுவருக்குள்ளே அமைஞ்ச வாசல். மேலே கூரை மண்டபம் கிடையாது, கல்லுக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கும், அதனால அந்தப் பேர். அழகான சொல்.”

“அப்படிங்களா? எங்கம்மா இந்தக் கோட்டையிலேயே பிறந்தவங்க. அவங்களையும் ஒரு வார்த்தை கேளுங்க. அம்மா, ஐயா அர்த்தம் கேக்கறாரு.”

ஷிகே கல்லை இறக்கி வைத்துவிட்டு நிமிரப் பார்த்தாள். நிமிர முடியவில்லை. “புதைக்கிற வாசல்,” என்றாள். “வேற அர்த்தம் கிடையாது. வெளியே ஆளை அனுப்பிட்டுப் புதைக்கணும். அதுக்குத்தான் கட்டினது. கட்டினவங்க பொய் சொல்லலை, பேர்லேயே சொல்லி வெச்சாங்க. இந்தக் கோட்டையில பிறந்த ஒவ்வொருத்தனுக்கும் தெரியும். இவனுக்கும் தெரியும்.”

அதிகாரி சங்கடமாகச் சிரித்தார். “கொஞ்சம் கொச்சையான விளக்கம்.”

“தெரியும்தான்,” என்றான் தோகுஜி. பேச்சு அதிகாரியிடம், பார்வை கஞ்சிப்பானையோடு நின்ற சயோவிடம். “கல்யாணமான புதுசுல இவளுக்கு வேற அர்த்தம் சொல்லி வெச்சேன். சாம்பல், கனல்னு என்னமோ. இவளும் நம்பிட்டா. தெரிஞ்சுதான் அன்னைக்கும் வெளியே போனேன் ஐயா. புதைப்பாங்கதான், ஆனா நாம உள்ளே வந்தப்புறம் புதைப்பாங்கன்னு நினைச்சேன். ஒவ்வொருத்தனும் அப்படித்தான் நினைப்பான் போல.”

அதிகாரி வேறு மதிலைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்து உறைபனி இறங்கிய ஒரு நாள் ஒரு பெரிய கல் ஷிகேயின் பிடியிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது. பாதம் நசுங்கிப்போயிற்று. கால் கருத்தது, காய்ச்சல் கண்டது. சயோ இரவு பகலாகப் பக்கத்தில் இருந்தாள். கடைசிவரை ஷிகே அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. “கஞ்சியில உப்பு அதிகம். உப்புக்காரி புத்தி போகுமா,” என்பதுதான் கடைசியாகப் பேசியது. தோகுஜி வாசற்படியில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

அவள் செத்த பிறகு மிச்சமிருந்த கற்களை அவனே ஒற்றைக் கையால் எடுத்தான். யாரையும் கிட்டே விடவில்லை. விரல்கள் கிழிந்து ரத்தம் கல்லில் ஒட்டியது. கதவு தெரிந்ததும் தாழை நீக்கித் திறந்தான். “அம்மா இந்த வழியாவே போகட்டும்,” என்றான். பிணத்தைத் தூக்கியவர்கள் வாசலில் மண்டியிட்டு, பாடையைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு வெளியே போக வேண்டியிருந்தது. சிதைக்கு அவன்தான் தீ வைத்தான். அழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சயோ அவன் முன்னால் உட்கார்ந்தாள். கைகளை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

“அன்னைக்கு நான் அடுப்படியில இல்லை. நானும் கல்லு வெச்சேன்.”

தோகுஜி கிழிந்த விரல்களில் துணி சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு முனையை இடது முழங்கையால் அழுத்தி, மறுமுனையைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டான்.

“தெரியும்,” என்றான். “இருமினியே.”

சயோ தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“அம்மா சொன்னதை நான் நம்பலை சயோ. எங்கம்மாவை எனக்குத் தெரியாதா? முன்வாசலாவது, திறக்கறதாவது. ஆனா நீ உள்ளே நிக்கறேன்னு தெரிஞ்சுது. அம்மா பொய் சொன்னா நீ கத்திடுவேன்னு நினைச்சேன். அதுக்காகத்தான் நின்னேன். நீ கத்தலை. அப்ப நிஜமாத்தான் இருக்கும்னு, இத்தனை பேரையும் கூட்டிட்டு ஓடினேன்.”

வெளியே யாரோ குதிரையை அதட்டினார்கள். சயோ தரையில் நெற்றி படும்படி குனிந்தாள். அப்படியே கிடந்தாள். தலையைத் தூக்காமலேயே கேட்டாள்:

“தெரிஞ்சும் அவங்களைத் தனியா கல்லு சுமக்க விட்டீங்களே. என்னை ஏன் ஒண்ணும் செய்யலை?”

“நீ எப்ப வாயைத் திறப்பேன்னு பார்த்தேன். ஒரு கல்லு, இன்னொரு கல்லு, இப்பச் சொல்லுவா, இப்பச் சொல்லுவான்னு. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அம்மாவை அன்னைக்கே நிறுத்தச் சொல்லியிருப்பேன்.” துணியின் முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டான். “அவங்க செத்தப்புறம் சொல்றே.”

பிறகு, “சோறு இருக்கா?” என்று கேட்டான்.

அவள் எழுந்து போய்ச் சோறு கொண்டுவந்து வைத்தாள். அவன் சாப்பிட்டான்.

பனி கணவாயை மூடிவிட்டதால் அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்கள் அந்த ஒரே வீட்டில் இருந்தார்கள். அவள் சமைத்தாள், அவன் சாப்பிட்டான். அடிக்கவில்லை, திட்டவில்லை. தன் மொத்தப் பேச்சையும் அன்றைக்கே பேசி முடித்துவிட்டவன் போல இருந்தான். சமையல்கட்டுப் பெண்கள் சயோவிடம் முன்பைவிட அன்பாகப் பேசினார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவர்கள் எல்லோரும் கல் வைத்தவர்கள்.

கணவாய் திறந்ததும் உப்பு ஏற்றிய குதிரைகள் வந்தன. அவை திரும்பும்போது சயோவும் கூடவே நடந்தாள். புருஷனிடம் சொல்லிக்கொள்ளத்தான் நினைத்தாள். அவன் மதில்மேல் நின்று ஆட்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தான், மூட்டையைப் பார்த்தான், பேச்சை நிறுத்தாமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்பாவின் உப்பளத்தில் பழையபடி வேலை செய்தாள். புருஷன் போரில் செத்துவிட்டான் என்று ஊரில் சொல்லிவைத்திருந்தாள். சில வருஷம் கழித்து மலையிலிருந்து வந்த ஒரு குதிரைக்காரன், பின்வாசல் தலைவருக்கு இரண்டாவதாகவும் பையன் பிறந்திருக்கிறான், ஊருக்கே அரிசி மது கொடுத்தார் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். சயோ கொப்பரையில் பொங்கிய அழுக்கு நுரையை ஒதுக்கி எடுத்துக் கீழே கொட்டினாள். பிறகு, விறகு போதாது என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.